திருநீறு போட்டுத் தேய்த்த சேவல் காசுகள்

உன் எவர்சில்வர் டப்பாவைத் திறந்ததும் திருநீற்று வாசனை அடித்தது. உள்ளே பார்ப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தங்கத்துக்கு வாசன கெடையாதுடி. வாசன வந்தா எவளோ கைய வச்சிட்டான்னு அர்த்தம்" என்று எத்தனை வீடுகளில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு அந்த வாசனை உன் காசுகளிலிருந்தே வந்தது.

என் போட்டோ ஸ்டுடியோவில் உன் தங்கச்சி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறி, டப்பாவைப் புடவைத் தலைப்பில் சுற்றி வயிற்றோடு அணைத்தபடியே நெல்லித்தோப்பு வரை வந்திருக்கிறாள். "நல்லா பாருங்க ஸ்டுடியோக்கா. எல்லாம் எப்டி பளபளன்னு இருக்குதுன்னு" என்றாள். அந்த முகத்தில் அவ்வளவு பெருமை. நீ போன பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அதுதான்.

இதை இரங்கல் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. அழுகிறதாக இருந்தால் மாசியிலேயே, காபி டம்ளரைக் கையில் எடுத்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்த அன்றைக்கே, அழுது எழுதியிருப்பேன். அழுதேன்தான், அது வேறு கணக்கு. இது கோபத்தில் எழுதுவது. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நீ உயிரோடு இருந்தபோது திட்டினால் மட்டும் என்ன காது கொடுத்துக் கேட்டாயா?

லாஸ்பேட்டையில் ஒரே கல்லூரியில் படித்தும் அப்போது நமக்குள் பெரிய சிநேகிதம் கிடையாது. படிப்பு முடிந்து நான் அப்பாவின் ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். நீ ஒரு நகைக்கடையில் பில் போடப் போனாய். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கைக்குட்டையில் எதையோ மடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாய். "சீக்கிரம் இத ஒரு போட்டோ எடு. சாயங்காலம் உருக்கிடுவானுங்க" என்றாய். கைக்குட்டையில் இருந்தது பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை ஆண்ட காலத்து இருபது பிராங்கு தங்கக் காசு. ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, மறுபக்கம் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் சேவல். யாரோ ஒரு பெரியவர் எடைக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். முதலாளியிடம் கெஞ்சி, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வாங்கி வந்திருந்தாய்.

நான் கல்யாணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுத்துப் பழகியவள். பளீரென்று பிளாஷ் அடித்தேன். படத்தில் சேவல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் இருந்தது. படத்தைக் கழுவிப் பார்ப்பதற்குள் காசு கடையில் உருகிப் போய்விட்டது. நீ முதலில் முதலாளியைத் திட்டினாய், பிறகு என்னைத் திட்டினாய். "ஸ்டுடியோ வச்சிருக்காளாம் ஸ்டுடியோ" என்று வாசல்படி இறங்கும்வரை முணுமுணுத்தாய். அந்த முணுமுணுப்பில்தான் நம் சிநேகிதம் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நான் வெளிச்சத்தைப் படித்தேன், நீ காசைப் படித்தாய். காசுக்கு மேலே கேமராவைக் குப்புற நிறுத்த ஒரு ஸ்டாண்டு செய்தோம். விளக்கை எங்கே வைத்தால் சேவலின் இறகு ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும், எங்கே வைத்தால் செத்துப் போகும் என்று பொழுதெல்லாம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். "சாய்ச்சு வைடி, சாய்ச்சு வை. மேல இருந்து கொட்டினா எல்லாக் காசும் நல்ல காசுதான்" என்பாய். விளக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் ஒரு சின்னக் கீறல்கூடத் தப்பாது. உனக்கு வேண்டியது அதுதான். அழகாக வந்த படத்தைப் பார்த்தால் சந்தேகப்படுவாய்.

பில் போடுகிற சம்பளத்தில் நீ புடவை வாங்கியதைவிடக் காசு வாங்கியதுதான் அதிகம். யாராவது பழங்காசை எடைக்குப் போட வந்தால், அது உலைக்குப் போகும் முன் அன்றைய தங்க விலையைக் கொடுத்து நீயே எடுத்துக்கொள்வாய். கையில் இல்லாதபோது முதலாளியிடம் தவணை சொல்வாய். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த டப்பா. சேவல் காசுகள், ராணி தலை போட்ட சவரன்கள், அப்புறம் உன் உயிரான அந்த இரண்டு புதுச்சேரி வராகன்கள். சுண்டு விரல் நகம் அளவு தங்கத்தில் ஒரு சாமி நிற்குமே, அவை. அவற்றை மட்டும் எனக்குக்கூடக் கையில் தரமாட்டாய்.

கடையை விட்டு நின்ற பிறகு வீடு வீடாகப் போக ஆரம்பித்தோம். நீ பார்ப்பாய், நான் படம் எடுப்பேன். காசு இந்த நிலையில் இருக்கிறது என்று படத்தோடு எழுதிக் கொடுத்தால், சேர்க்கிறவர்கள் நேரில் பார்க்காமலே வாங்கினார்கள். உன் தரப் பிரிவு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. புழக்கத்துக்கே வராத காசு 'பொட்டியில தூங்கினது'. கைமாறித் தேய்ந்தது 'பையில அலைஞ்சது'. வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் போட்டது 'கழுத்துல தொங்கினது'. கடைசி ரகம், உனக்கு ஆகவே ஆகாத ரகம், 'பூசையில மாட்டினது'. வெள்ளிக்கிழமை பூஜைக்கு விளக்கோடு சேர்த்துக் காசையும் திருநீறு போட்டுத் தேய்க்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை. வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது நல்லதுதான். பழங்காசுக்கு அதுதான் எமன். தேய்த்த இடமெல்லாம் மயிர் போல மெல்லிய கோடுகள் விழும். தேய்க்காத காசைக் கையில் வைத்துச் சாய்த்தால் வெளிச்சம் அதன்மேல் சக்கரம் மாதிரி சுற்றி ஓடும். தேய்த்த காசில் வெளிச்சம் நகராது, ஒரே இடத்தில் அசட்டுத்தனமாக மின்னிக்கொண்டிருக்கும். உருக்குகிறவனுக்கு எடை போதும், சேர்க்கிறவனுக்கு அந்த மேல்தோல் வேண்டும். போனது போனதுதான், திரும்ப வராது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை நம் ஊரில் சொல்தா என்பார்களே, அந்தச் சொல்தா வீட்டை நினைத்துப் பார். நாம் படம் எடுக்க வருகிறோம் என்று தெரிந்ததும், விருந்தாளி வருகிற வீட்டைக் கூட்டுகிற மாதிரி, அந்த வீட்டு மருமகள் காசு மொத்தத்தையும் தேய்த்துக் கழுவி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்திருந்தாள். நீ ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல சேவல் இருந்துச்சும்மா. இப்ப உரிச்ச கோழிதான் இருக்குது" என்றாய். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். மருமகள் கண்ணில் தண்ணீர். உடனே நீ என்ன செய்தாய்? அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, உன் பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, தேய்த்த காசு எது, தேய்க்காத காசு எது என்று நிதானமாகக் காட்டிக்கொடுத்தாய். விளிம்பை எப்படிப் பிடிப்பது, அந்த விளிம்பில் பிரெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் சொன்னாய். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று விரலால் தொடாமல் வாசித்துக் காட்டினாய். கிளம்பும்போது அந்தப் பெண் உன்னை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் உனக்கு அவ்வளவு பொறுமை இருந்தது.

உன் வீட்டில் என்ன நடக்கும்? நாம் இரண்டு பேரும் உன் அறையில் காசுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உன் தங்கச்சி காபி கொண்டு வருவாள். காலடிச் சத்தம் கேட்டதுமே நீ துண்டை எடுத்துக் காசுகள்மேல் போட்டு மூடிவிடுவாய்.

"இன்னாக்கா பாக்கறீங்க ரெண்டு பேரும்?"

"ஒன்னுமில்ல. காப்பிய அங்க வச்சிட்டு போ. கொழம்பு அடிப்புடிக்கப் போவுது."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிற்பாள், அப்புறம் போய்விடுவாள். மில்லில் வேலை பார்த்த புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு உன்னிடம் வந்தவள். அன்றிலிருந்து உன் துணியைத் துவைத்து, உனக்குச் சமைத்து, உன் கால்வலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள். ஒருமுறை நான் கேட்டேன்: "அவளுக்கும்தான் காட்டேன்டி, என்ன குறைஞ்சு போயிடும்?" நீ துண்டை விலக்கிக்கொண்டே சொன்னாய், "அவளுக்கு இதெல்லாம் புரியாதுடி. கையில குடுத்தா தேச்சிடுவா."

கையில் கொடுத்தால் தேய்த்துவிடுவாள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது! ஏன் தேய்க்கக் கூடாது என்று அவளிடம் சொல்லத்தான் உனக்கு வாய் வரவில்லை. ஊர் வீட்டு மருமகளுக்குப் பாடம், உன் வீட்டுத் தங்கச்சிக்குக் குழம்பு. இதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த டப்பா யாருக்கு என்பதில் உனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நீங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் பிரித்து விற்கப் போவதாகச் சொன்னதும், பின்பக்கத்துப் போர்ஷனை உன் தங்கச்சி பெயருக்கு வாங்கிவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டாய். "இந்தக் காச வித்தா அது வந்துடும்டி. நான் இருந்தாலும் இல்லாட்டியும் அவ வாசல் அவளுக்கு." நம் படங்களைப் பார்த்தே பல வருஷம் வாங்கிய சென்னைக்காரர், எப்போது விற்றாலும் டப்பாவை மொத்தமாக எடுத்துக்கொள்வதாக உனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு வேண்டியது நான் எடுக்கும் படம் மட்டும்தான். எல்லாவற்றையும் யோசித்து வைத்தவள் நீ. உன் கணக்கில் வராமல் போனது உன் தங்கச்சியின் கை ஒன்றுதான்.

சரி, அன்றைக்கு ஸ்டுடியோவில் நடந்ததைச் சொல்கிறேன்.

உனக்குப் படைத்த அன்று, உன் போட்டோவுக்கு முன்னால் தாம்பாளத்தில் உன் காசுகளை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. மங்கலாகவா வைப்பது? முதல்நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறாள். "சாமி போட்டது ரெண்டு இருந்துச்சே, அத மட்டும் ரெண்டு வாட்டி தேச்சேன். சாமி காசாச்சே" என்றாள். வராகனை எடுத்துப் பார்த்தேன். சாமியின் முகம் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

என் கைகள் அவை பாட்டுக்கு வேலையைத் தொடங்கின. ஸ்டாண்டில் கேமராவை மாட்டினேன். விளக்குகளுக்கு முன்னால் பட்டர் பேப்பரை ஒட்டினேன். ஆமாம், பட்டர் பேப்பர். நீ இருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாய். பட்டர் பேப்பருக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் மேகம் போட்ட பகல் மாதிரி எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும். கோடு தெரியாது, கீறல் தெரியாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். சென்னைக்காரர் என் படத்தை நம்பிப் பணம் அனுப்புவார் என்பதும் தெரியும். பின்பக்கத்துப் போர்ஷன், அதன் வாசலில் உன் தங்கச்சி, இதுதான் கண்முன்னால் நின்றது. எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் படம் வந்ததும் அவள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். சேவல் நேற்று அச்சடித்த மாதிரி நின்றது.

"அய்யோ, எவ்ளோ அழகா இருக்குது! பாத்தீங்களா ஸ்டுடியோக்கா, நான் தேச்சது வீண் போவல" என்று கையைத் தட்டினாள்.

அந்தக் கைதட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். பட்டர் பேப்பரைப் பிய்த்து எறிந்தேன். விளக்கைத் தாழ்த்திச் சாய்த்து வைத்து, அதே காசை இரண்டு பக்கமும் மறுபடி எடுத்தேன். திரை முழுக்கக் கோடுகள். சேவலின் நெஞ்சில், கழுத்தில், மறுபக்கத்துப் பெண்ணின் கன்னத்தில், எங்கு பார்த்தாலும் வட்ட வட்டமாகக் கோடுகள்.

"இது இன்னாக்கா, முடி ஒட்டியிருக்குதா?"

"முடி இல்ல. நீ தேச்ச கோடு!" என்று கத்தினேன். கடை வாசலில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். நிறுத்த முடியவில்லை. "இத தேய்க்கவே கூடாது. தேச்சா போச்சு. இனிமே இதுக்கு எடை வெலதான். உங்கக்கா இத்தன வருஷம் பொத்திப் பொத்தி வச்சத ஒரே நாள்ல அழிச்சிட்ட. யாரு ஒன்ன தேய்க்கச் சொன்னது?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அக்காதான் சொல்லுச்சு."

நான் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினேன்.

"மங்கிக் கெடக்குதேக்கா, துண்ணூறு போட்டுத் தேச்சுத் தரட்டுமான்னு எப்பக் கேட்டாலும் சொல்லும். 'நான் செத்தப்பறம் நீ இஷ்டத்துக்குத் தேச்சிக்கடி'ன்னு. ஒரு வாட்டி இல்ல, எத்தினியோ வாட்டி சொல்லியிருக்குது. அது ஆசையாத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன். செத்துப் போனவங்க சொன்னத செய்யாம உடலாமா?"

உன் குரலில் அப்படியே கேட்டது எனக்கு. அந்த 'தேச்சிக்கடி'யில் இருக்கும் எகத்தாளம், முகத்தைத் திருப்பிக்கொண்டு நீ சொல்லும் விதம், எல்லாம் எனக்குத் தெரியும். உன் நக்கல் எனக்குப் புரியும், உன் வாடிக்கையாளர்களுக்குப் புரியும். உன்னை முழுக்க நம்பியவளுக்கு அது கட்டளையாகத்தானே கேட்கும்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல் ஒரு வார்த்தையை விட்டாய். பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது, அவள் அட்சரம் பிசகாமல் செய்துவிட்டாள். கொட்டிவிட்டுப் போய்விட்டாய், அள்ளுவதற்கு நானும் அவளும்.

"ஏன் தேய்க்கக் கூடாதுன்னு ஒனக்கு அவ சொல்லவே இல்லியா?" என்று கேட்டேன். எனக்கு விடை தெரிந்த கேள்விதான்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லப் போவுது" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை, உள்ளதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு மேஜைமேல் இருந்த உன் பூதக்கண்ணாடியைக் காட்டி, "அதுல நான் ஒரு வாட்டி பாக்கட்டா?" என்றாள்.

கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குக் கிட்டே வைத்து, காசை அதற்குக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். கொஞ்ச நேரம் தடுமாறினாள். அப்புறம் கண்ணுக்குப் பிடிபட்டது.

"சேவலுக்குக் கண்ணு இருக்குது" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"கால்ல நகங்கூட இருக்குது. கொண்ட பாரு." காசைத் திருப்பி, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தாள். "இத்தினி வருஷமா இது எங்க வூட்லதான் இருந்துச்சா?"

அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. காசை டப்பாவுக்குள் வைத்துவிட்டு, உன்னை நேரில் பார்த்துப் பேசுகிற மாதிரி சுவரைப் பார்த்துப் பேசினாள். "ஒரே ஒரு வாட்டி என்னக் கூப்பிட்டு, இங்க வாடி, இத பாருடின்னு காட்டியிருந்தா நான் தொட்டிருப்பனா? துண்டப் போட்டு மூடறத நான் பாக்கலன்னு நெனச்சுக்கினு இருந்துச்சா? திருடியாட்டம் கதவாண்டயே நின்னுட்டுப் போவேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பட்டர் பேப்பர் படத்தை அனுப்பினால் அவளுக்கு அந்தப் போர்ஷன் வந்துவிடும் என்றேன். சாய்த்த வெளிச்சத்துப் படத்தை அனுப்பினால் வராது என்றேன். மறைக்காமல் சொன்னேன். தீர்மானம் அவளுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உண்மையில், பட்டர் பேப்பர் படத்தை அனுப்பு என்று அவள் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். உன் நேர்மைக்கு அவள் எதற்காக வீட்டை விட வேண்டும்?

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா எத அனுப்பும்?" என்றாள்.

"அது கெடக்கட்டும். ஒனக்கு எது வேணும்?"

"கோடு தெரியறதயே அனுப்புங்க. அப்பறம் அந்தாளு நேர்ல பாத்துட்டு அக்காவப் போயி பொய்க்காரின்னு சொல்லிடப் போறாரு."

எந்த அறைக்குள் அவளை நீ விடவில்லையோ, அந்த அறையில் சம்பாதித்த பெயரை அவள் காப்பாற்றினாள். வீட்டைக் கொடுத்துக் காப்பாற்றினாள். அனுப்பினேன். அனுப்பும்போது உன்னைச் சபித்துக்கொண்டேதான் அனுப்பினேன்.

மறுநாள் சென்னைக்காரர் போன் செய்தார். மனிதர் உண்மையாகவே பதறிப் போயிருந்தார். "யாரும்மா இப்படிப் பண்ணது? அந்த வராகன் ரெண்டும் போச்சேம்மா! அவங்க உயிரோட இருந்திருந்தா நெஞ்சு வெடிச்சிருக்கும். வீட்டுல இருக்குற ஜனங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு வேண்டாமா? இதுக்கு நான் எதுக்கு, அங்கயே கடையில எடைக்குப் போட்டுடச் சொல்லுங்க."

எடைக்கு. எந்த வார்த்தையை எதிர்த்து நீ வாழ்நாள் முழுக்கக் கத்தினாயோ, அந்த வார்த்தை.

யாரென்று சொல்லாமல் போனை வைத்திருக்கலாம். உன் தங்கச்சி அதைத்தான் விரும்பியிருப்பாள். ஆனால் 'அறிவு வேண்டாமா' என்று அவர் கேட்டது என் காதை விட்டுப் போகவில்லை. "அவங்க சொல்லித்தான் சார் தேச்சாங்க" என்றேன்.

"யாரு சொல்லி?"

"அவங்களேதான். செத்தப்பறம் தேச்சிக்கோன்னு அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க. ஏன் தேய்க்கக் கூடாதுன்னு மட்டும் வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லல."

"அவங்களா? இருக்கவே இருக்காதும்மா."

"அவங்கதான்" என்று மறுபடி சொன்னேன். அவர் மனதில் இருந்த உன் பெயரில் ஒரு கோடு விழுந்திருக்கும். விழட்டும். அது அங்கே விழ வேண்டிய கோடுதான். உன் தங்கச்சி காப்பாற்றியதை நான் உடைத்தேன், தெரிந்தேதான் உடைத்தேன். இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

காசுகள் எடைக்குத்தான் போயின. பின்பக்கத்துப் போர்ஷனை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். உன் தங்கச்சி லாஸ்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் சமைக்கிறாள். சமையலறையை ஒட்டிய அறையில் படுத்துக்கொள்கிறாள். நான் போனால் பிள்ளைகளுக்கு வைத்த வடையில் இரண்டை எடுத்துக் கையில் திணிக்கிறாள். "நல்லாத்தான் இருக்கேன் ஸ்டுடியோக்கா" என்கிறாள். உன் போட்டோவுக்கு வியாழன்தோறும் துடைத்துப் பூ வைக்கிறாள். அவளுக்கு உன்மேல் இருந்த கோபம் அன்று ஸ்டுடியோவிலேயே ஆறிவிட்டது. அவள் குணம் அது. எனக்கு அந்தக் குணம் இல்லை.

காசு பார்க்க இப்போது வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். உன் அளவுக்குக் கண் போதாது, உன் அளவுக்கு வாயும் கிடையாது. போன வாரம் போன வீட்டில் பெரியவர் ஒருவர் பீரோவைத் திறந்து காசுகளை எடுத்து வைத்தார். நான் கேமராவை எடுக்கவில்லை. இந்த வீட்டில் விளக்குத் தேய்ப்பது யார் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. சமையலறையிலிருந்து அவர் மனைவியை நானே கூப்பிட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார். பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்கும்மா? அவரு பாத்தா போதும்."

"அவரு அப்பறம் பாக்கட்டும். நீங்கதான் முதல்ல பாக்கணும்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அந்த அம்மா மிரண்டு போனார், பெரியவரும்தான். அவர்கள்மேல் எனக்கு என்ன கோபம்? அது உன்மேல் போட்டிருக்க வேண்டிய சத்தம். உனக்குக் கேட்காது. அதனால் போகிற வீடுகளிலெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.